கடல் கடந்து செல்லும் குழந்தை

குழந்தைப்பேற்றுக்காக நெடுநாள் காத்திருந்த குடும்பங்கள் மருத்துவமனையில் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “வெளிநாட்டில் வாழும் எங்கள் மகளும் மருமகனும் இங்கிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுத்துச் செல்ல இயலுமா?” இயலும். ஆனால் அதற்கான வழி மகப்பேறு விடுதியில் தொடங்குவதில்லை.

சேலம், நாமக்கல் மக்களுக்கு இதன் காரணம் புதிதன்று. பெண் சிசுக்கொலையைத் தடுக்க, 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் அன்றைய சேலம் மாவட்டத்தில்தான் தொடங்கப்பெற்றது. தொட்டிலில் இடப்பட்ட குழந்தை அரசின் பதிவேட்டில் ஏறி, அதன் வழியாகவே வேறொரு குடும்பத்தை அடைந்தது. 2019 ஏப்ரலிலோ, இராசிபுரத்தில் பச்சிளங் குழந்தைகளுக்கு விலை பேசிய ஒலிப்பதிவு வெளியாகி, மருத்துவத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் உட்படப் பலர் கைதாயினர். ஐரோப்பாவில் வளர்ந்து, பெற்ற தாயைத் தேடித் தமிழகம் வந்தோர் உண்டு. பதிவேடு இல்லாத குழந்தைக்குப் பிற்காலத்தில் அந்தத் தேடலுக்கும் வழியிராது.

ஆகவே, சட்டம் முதலில் குழந்தையின் நிலையைத்தான் பார்க்கிறது. வளர்க்க இயலாத தாய் தன் குழந்தையைக் குழந்தைகள் நலக்குழுவின் முன் ஒப்படைக்கலாம்; மனம் மாறினால் 60 நாட்களுக்குள் திரும்பப் பெறலாம். பேறுகால வேதனையிலும் வறுமையிலும் எடுத்த முடிவு இறுதி முடிவாகிவிடக் கூடாது என்பதற்கான இந்த ஏற்பாடு மிக நியாயமானது. அதன் பின்னரே, தத்துக்கொடுக்கத் தக்க குழந்தை என அக்குழு அறிவிக்கும்.

அயல்நாட்டில் வாழ்வோர், தாம் வாழும் நாட்டில் அங்கீகாரம் பெற்ற தத்து முகமை அல்லது அந்நாட்டு அரசின் உரிய அமைப்பு வழியாக, நம் மத்திய தத்துவள ஆதார ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். இல்ல ஆய்வு அங்கேயே நடைபெறும். இந்தியக் குடிமக்களுக்கும் வெளிநாடுவாழ் இந்தியர்க்குமே முன்னுரிமை. 60 நாட்களில் அவர்களிடம் இடம் அமையாத குழந்தையே பிறநாட்டவர்க்குச் செல்லலாம். உடற்குறையோ நோயோ உள்ள குழந்தைகள் பலருக்கு இவ்வாறு அயலகத்தில்தான் வீடு அமைகிறது. நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

குழந்தை அமைந்தபின் ஆணையத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். முன்பு நீதிமன்றம் வழங்கிய தத்து ஆணையை 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். கடவுச்சீட்டு அதற்குப் பிறகே. குழந்தை சென்ற பின்னும் ஈராண்டுகள் அதன் நலன் குறித்த அறிக்கைகள் இந்தியாவுக்கு வந்துகொண்டிருக்கும்.

உறவுக்குள் கொடுப்பதாயினும் முத்திரைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டால் போதாது. வெளிநாட்டில் வாழும் பெரியப்பாவோ சித்தியோ தத்தெடுத்தாலும் உரிய ஆணையும் சான்றும் தேவை.

பணம் வாங்கிக்கொண்டு குழந்தையைக் கைமாற்றுவது குற்றம். இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் 81ஆம் பிரிவு இதற்கு ஐந்தாண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. குழந்தையைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் மருத்துவமனைப் பணியாளர் செய்தால் குறைந்தது மூன்றாண்டு, கூடியது ஏழாண்டு. எவரேனும் உங்களிடம் விலை பேசினால் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தெரிவியுங்கள். தத்தெடுக்க விரும்புவோருக்கும், குழந்தையை வளர்க்க இயலாது தவிக்கும் தாய்க்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கட்டணமின்றி வழிகாட்டுவர்.