மாமாவின் 9843

டீக்கடை பெஞ்சில் மாமா தன் பட்டன் போனைத் திருப்பிக் காட்டினார். முதுகில் ஒட்டிய டேப்பில் பேனாவால் எழுதிய நம்பர், 9843-இல் தொடங்குவது. "பி.பி.எல்.னு வாங்குனேன் மாப்ளே. அப்புறம் ஹட்சுன்னான், வோடபோன்னான், இப்ப வீங்கிறான். நான் ஒண்ணும் மாத்தலையே?"

டீ வரட்டும் மாமா, சொல்றேன்.

1995-இல் அரசாங்கம் செல்போன் லைசென்ஸை சர்க்கிள் சர்க்கிளாக வெட்டி டெண்டர் விட்டது. சென்னை தனி, மற்ற தமிழ்நாடு தனி, கேரளா தனி. நம் போடி ஏலக்காய் மண்டிக்காரருக்கு ஏலத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேகத்தில் விலையைக் கூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்க் கணக்குப் போடுகிறவர்கள் எங்கும் உண்டு. செல்போன் கம்பெனிக்காரர்களும் அப்படித்தான் கேட்டுவிட்டுக் கட்டமுடியாமல் திணறினார்கள். 1999-இல் அரசு இறங்கிவந்து, மொத்தத் தொகை வேண்டாம், வருமானத்தில் பங்கு கொடு என்றது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வரும்.

அன்றைக்கு போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவும் ஏறினால் கேரளா, வேறு சர்க்கிள். தோட்டம் நம்முடையது, ஜீப்பில் போகிற ஆட்கள் நம்மவர்கள், போன் மட்டும் அசலூர்க்காரன். வருகிற அழைப்புக்கும் ரோமிங் காசு. அந்தப் பக்கம் பி.பி.எல்லோடு எஸ்கோடெல் என்று ஒன்றும் இருந்தது.

துண்டு துண்டாக வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது என்று தெரிந்ததும் ஒருவரை ஒருவர் வாங்கினார்கள். பிர்லா, டாடா, ஏடி அண்ட் டி மூவரும் சேர்ந்த கம்பெனியை 'படாட்டா' என்று கேலி செய்தார்கள், மராட்டியில் உருளைக்கிழங்கு. அதுதான் 2002-இல் ஐடியா ஆகி, 2004-இல் எஸ்கோடெலை வாங்கியது. நம் பக்கத்து பி.பி.எல். 2005-06 வாக்கில் எஸ்ஸார் வழியாக ஹட்சிடம் போனது. 2007-இல் ஹட்சின் பெரும்பங்கை வோடபோன் சுமார் 1,100 கோடி டாலருக்கு வாங்கியது. வாங்குகிறவனுக்கு டவரோடு வாடிக்கையாளரும் நம்பர் வரிசையும் சேர்ந்தே வரும். அதனால்தான் திரையில் பெயர் மாறினாலும் உங்கள் 9843 அசையவில்லை.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து விலையை உடைத்தது. 2018 ஆகஸ்ட் 31-இல் வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. அன்றைக்கு 40 கோடிக்கு மேல் வாடிக்கையாளர்கள், நாட்டிலேயே பெரிய செல்போன் கம்பெனி. நம் பக்கத்து பி.பி.எல்லும் அந்தப் பக்கத்து எஸ்கோடெலும் ஒரே கணக்குப் புத்தகத்தில் வந்தது அப்போதுதான். 'வீ' என்ற பெயர் 2020-இல்.

வருமானத்தில் பங்கு என்றேனே? எது வருமானம் என்பதில் வழக்கு. 2019 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அரசு பக்கம் தீர்ப்புச் சொன்னது. பழைய பாக்கி பல்லாயிரம் கோடியாக வந்து விழுந்தது. அரசுக்குக் கட்ட முடியாத பாக்கிகளில் ஒரு பகுதியை அரசு கம்பெனியில் பங்காக எழுதி வாங்கியது; 2025-இல் அது 49 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. நிர்வாகம் மட்டும் பழைய முதலாளிகளிடமே.

மாமா டம்ளரை வைத்தார். "கடன் திரும்பாதுன்னு தெரிஞ்சா தோட்டத்துல பங்கு எழுதிக்கிறது. நம்ம மண்டியில பண்றதுதானே மாப்ளே."