உன்னை நீ நேசிக்கிறாயா?



"நான் கறுப்பா இருக்கேன்." "எனக்கு இங்கிலீஷ் வராது." "ரேங்க் கார்டைப் பார்த்தாலே என்னையே எனக்குப் பிடிக்கல." இந்த மாதிரிப் பேச்சைக் கேட்காத நாள் நம்ம வகுப்புல உண்டா? அடுத்தவர் திட்டினால் நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் நம்மை நாமே தினமும் திட்டிக்கொள்கிறோம்! இதைப் பற்றிக் கிறிஸ்தவ விசுவாசம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போமா?

கட்டளைக்குள் ஓர் அளவுகோல்

கட்டளைகளில் முதன்மையானது எது என்று வேதபாரகர் ஒருவர் இயேசுவிடம் கேட்டதாக மாற்கு 12-ஆம் அதிகாரத்தில் படிக்கிறோம். இயேசு இரண்டைச் சொன்னார். ஒன்று, கடவுளை முழு மனதோடு நேசிக்க வேண்டும். மற்றொன்று, நம்மை நேசிக்கிற அளவுக்குப் பிறரையும் நேசிக்க வேண்டும். இந்த இரண்டாவது கட்டளை லேவியராகமம் 19-லேயே இருக்கிறது.

கவனிச்சீங்களா? பிறரை நேசிக்க அளவுகோல், நாம் நம்மை நேசிப்பதுதான். ஸ்கேல் வளைஞ்சிருந்தா கோடு எப்படி நேரா வரும்? தன்னையே வெறுப்பவருக்கு அடுத்தவர் ஜெயித்தால் கைதட்டக்கூட மனசு வராது.

அப்போ இது தற்பெருமையா?

இல்லவே இல்லை! "அவனை விட நான் உசத்தி" என்பது தற்பெருமை. "அவனை விட நான் மட்டம்" என்பது தாழ்வு மனப்பான்மை. ரெண்டுமே ஒப்பிட்டுப் பார்ப்பதில் பிறந்தவை. மனிதர் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டதாக வேதாகமத்தின் முதல் அதிகாரமே சொல்கிறது. முதல் ரேங்க் வாங்கியவர் மட்டும் என்று அங்கே போடவில்லை! அந்த மதிப்பு நாம் சம்பாதித்தது இல்லை என்பதால் பெருமையடிக்க முடியாது. எல்லாருக்கும் உண்டு என்பதால் யாரையும் இளக்காரமாகப் பார்க்கவும் முடியாது.

மரத்து மேல ஒருவர்

லூக்கா 19-ல் வரும் சகேயுவை எல்லாருக்கும் தெரியும். எரிகோ ஊரில் வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவர். பணக்காரர், ஆனால் குள்ளமானவர். கூட்டத்தில் இயேசுவைப் பார்க்க முடியாமல் காட்டத்தி மரத்தில் ஏறினார். இயேசு அண்ணாந்து பார்த்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் வீட்டில் தங்கப் போவதாகச் சொன்னார். ஊர் முணுமுணுத்தது. அதற்குப் பிறகுதான் சகேயு, சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்புவதாகவும் சொன்னார்.

வரிசையைப் பாருங்க! அன்பு முதல்ல வந்துச்சு. திருந்தினது பிறகுதான். ஆகவே தன்னை நேசிப்பது என்றால் "நான் செய்யறதெல்லாம் சரி" என்பதல்ல. "நான் செஞ்சது தப்பு, ஆனா நான் குப்பை இல்லை" என்பதே அது. அப்படி நினைக்கிறவரால்தான் தப்பைத் திருத்த முடியும்.

நான்கு படிகள்

பிரான்ஸ் நாட்டுத் துறவி பெர்னார்டு (1090–1153) அன்பில் நான்கு படிகள் உண்டு என்று எழுதினார்.

1. தனக்காகத் தன்னை நேசிப்பது.
2. தன் தேவைக்காகக் கடவுளை நேசிப்பது (நம்ம பரீட்சை நேரத்து ஜெபம் மாதிரி!).
3. கடவுளுக்காகவே கடவுளை நேசிப்பது.
4. கடவுளுக்காகத் தன்னை நேசிப்பது.

மூன்றாவதுதான் உச்சி என்று நாம் நினைப்போம். அவரோ தன்னை நேசிப்பதை உச்சியில் வைத்தார்! முதல் படியில் 'நான்' மட்டும்தான். நாலாவதில், கடவுள் நேசிக்கும் ஒருவராக என்னையே பார்க்கிறேன். இந்த வாழ்வில் இதை முழுசா எட்டுவது கடினம் என்றும் அவர் எழுதினார். அதனால் மெதுவாகக் கற்றுக்கொண்டால் போதும்.

நம் காலத்துக்குப் பக்கத்தில் ஒருவர், நெதர்லாந்தில் பிறந்த குருவானவர் ஹென்றி நௌவென் (1932–1996). யேல், ஹார்வர்டு பல்கலைக்கழகங்களில் கற்பித்தவர். நிறைய புத்தகம் எழுதியவர். 1986-ல் கனடாவில், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களோடு வாழப் போனார். அங்கே அவருடைய பட்டமும் புத்தகமும் யாருக்கும் பெரிசாத் தெரியல. சாதனை இல்லாமலே தான் நேசிக்கப்படுகிறவர் என்பதை அங்கே கற்றதாக அவர் எழுதினார்.

நாம் என்ன செய்யலாம்?

* நண்பன் ஃபெயிலானால் என்ன சொல்லித் தேற்றுவோமோ, அதையே நமக்கும் சொல்லிக்கொள்வோம்.
* தப்பு செஞ்சா மன்னிப்புக் கேட்போம். கேட்ட பிறகு அதையே கிளற வேண்டாம்.
* நிறம், உயரம், மார்க்கை வைத்து யாருக்கும் பட்டப்பேர் வைக்க வேண்டாம்.
* மனபாரம் ரொம்ப நாள் நீடிச்சா தனியாகச் சுமக்காதீங்க. பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்க. அரசின் 14416 என்ற இலவச எண்ணிலும் பேசலாம்.

நண்பர்களே, பரீட்சை முடிவு நோட்டீஸ் போர்டில் வரும், போகும். நம் மதிப்பு அந்தத் தாளில் இல்லை!

சிந்திப்போம்! நேசிப்போம்!

— பிளஸ் ஒன் மாணவி