சிறு சில்லும் பெருஞ் சுமையும்

ஒரு சேலை எடுப்பதற்கு நான்கு கடை ஏறி இறங்குகின்றோம். நூலைத் தடவிப் பார்க்கின்றோம். சாயம் போகுமோ என்று கேட்கின்றோம். கரையை வெளிச்சத்திலே பிடித்துப் பார்த்த பின்பே பணத்தை எடுக்கின்றோம். ஆனால், நம்மையும் நம் பிள்ளைகளையும் நாள்தோறும் தாங்கிச் செல்லும் ஸ்கூட்டருக்குப் புது ரயர் போடவேண்டிய நாள் வந்துவிட்டாலோ, “தம்பி, நல்லதாக ஒன்று பார்த்துப் போட்டுவிடும்” என்று கராஜ்காரரிடம் ஒரு சொல்லிலே பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, அங்குள்ள வாங்கில் அமர்ந்து பத்திரிகை புரட்டுகின்றோம். அவர் கையிருப்பில் உள்ளதைப் போடுகின்றார். நாம் விலையை மட்டும் கேட்டறிந்து வீடு திரும்புகின்றோம். இது முறையாகுமா?

இன்று நம் நாட்டிலே பல குடும்பங்களுக்குச் சிறு ஸ்கூட்டரே ஒரே வாகனம். ஆசிரியை பாடசாலைக்குச் செல்வதும், தாய் தன் பிள்ளையை மாலை வகுப்பிலிருந்து ஏற்றி வருவதும், மாணவன் விரிவுரைக்கு விரைவதும், சந்தையிலிருந்து காய்கறிப் பை வீடு வந்து சேர்வதும் அதன் மீதுதான். 2020 ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 ஆம் ஆண்டிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டமையால், பழைய வண்டியைப் பேணி ஓட்டுவதே பலருக்கு வழியாயிற்று. வண்டி புதிதாக வந்தபோது அதற்கேற்ற ரயரைத் தெரிந்து பூட்டியவர்கள் அதனை ஆக்கியோர். அது தேய்ந்த பின்னர் தெரியவேண்டியவர்கள் நாமே. அந்தத் தெரிவுக்கு வேண்டிய அறிவு அரிதானதன்று. எட்டாம் வகுப்புக் கணிதமும் சிறிது பொறுமையும் போதும்.

சில்லின் கணக்கு

நம் தெருக்களில் ஓடும் சிறு ஸ்கூட்டர்கள் பலவற்றில் 90/100-10 என்னும் அளவுடைய ரயர் பூட்டப்பட்டிருக்கின்றது. இதிலே முதலெண் ரயரின் அகலம். அது 90 மில்லிமீற்றர். இரண்டாவது எண், அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு உயரம் என்பதைக் காட்டும். இங்கு நூற்றுக்கு நூறு, ஆகவே உயரமும் 90 மில்லிமீற்றர். ஈற்றிலுள்ள 10, ரயர் அமரும் இரும்பு வளையத்தின் விட்டம் 10 அங்குலம், அஃதாவது 254 மில்லிமீற்றர் என்பதைக் குறிக்கும். மேலும் கீழும் ரயரின் உயரத்தைக் கூட்டினால் சில்லின் முழு விட்டம் 434 மில்லிமீற்றர். ஒரு கிலோமீற்றர் செல்வதற்கு அது ஏறக்குறைய 733 முறை சுழலவேண்டும். 17 அங்குல வளையத்தில் 100/90 ரயர் பூட்டிய மோட்டார் சைக்கிளின் சில்லுக்கோ 520 சுழற்சியே போதும்.

இக்கணக்கிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகும். சிறு சில்லின் ரயரில் ஒவ்வோர் இடமும் தெருவை அடிக்கடி தொடுவதால், அது விரைவில் தேயும். அன்றியும், பெரிய சில்லு தாண்டிச் செல்லும் குழியிலே சிறிய சில்லு ஆழமாக இறங்கி, விளிம்பில் வலிதாக மோதும். ஆதலால் பெரிய வண்டியில் பொறுத்துக்கொள்ளத்தக்க ரயர்க் குறை, சிறிய வண்டியில் பொறுக்கத்தக்கதன்று.

ரயர் சுமையைத் தாங்குவது இறப்பரால் மட்டுமன்று. பெரும்பகுதியும் உள்ளே அடைபட்ட காற்றினாலேயாகும். காற்றடைத்த ரயருக்கு 1845 ஆம் ஆண்டிலேயே உரிமை பெற்றவர் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ரொபேட் வில்லியம் தொம்சன். அது பரவாது மறக்கப்பட்டது. பின்னர் 1888 இல், பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜோன் பொயிட் டன்லொப், தம் மகனின் முச்சக்கர சைக்கிளுக்காக அதனை மீண்டும் ஆக்கினார். பின்சில்லின் மீது 120 கிலோ சுமை இருக்க, உள்ளே சதுர அங்குலத்திற்கு 29 இறாத்தல் அமுக்கத்திற் காற்று இருப்பின், தெருவைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 60 சதுர சென்ரிமீற்றர். ஓர் அஞ்சலட்டையை இரண்டாக மடித்தால் எவ்வளவோ அவ்வளவே. பிரேக் பிடிப்பதும், வளைவிலே திரும்புவதும், மழையிலே வழுக்காது நிற்பதும் முன்னும் பின்னுமாக இவ்வாறான இரு துண்டுகளை நம்பியே. இவ்வளவு சிறிய இடத்தை நம்பிச் செல்பவர்கள், அங்கே என்ன இறப்பர் இருக்கின்றதென்று கேளாதிருத்தல் தகுமோ?

ரயர்ச் சுவரில் எழுதியிருப்பது

அளவை அடுத்து ரயரின் பக்கச் சுவரிலே ஓர் எண்ணும் ஓர் ஆங்கில எழுத்தும் காணப்படும். மேற்சொன்ன ரயரில் பெரும்பாலும் 53 ஜே என்றிருக்கும். 53 என்பது எடைக் குறியெண். குறித்த அமுக்கத்தில் காற்று நிரப்பப்பட்டபோது அந்த ஒரு ரயர் தாங்கக்கூடிய உச்சச் சுமை 206 கிலோ என்பது அதன் பொருள். ஜே என்பது வேகக் குறி. மணிக்கு 100 கிலோமீற்றர் வரை.

இவ்வெண்ணின் பெறுமதியை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஸ்கூட்டரின் எடை 105 கிலோ. ஓட்டுபவரும் பின்னே இருப்பவரும் சேர்ந்து 130 கிலோ. காலடியில் ஓர் அரிசிப் பை 25 கிலோ. ஆக 260 கிலோ. இதில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு பின்சில்லில் விழுமாயின், ஏறக்குறைய 169 கிலோ. 53 என்று குறித்த ரயர் இதனை எளிதிலே தாங்கும். ஆனால், அதே 10 அங்குல வளையத்தில் ஏறி அமரக்கூடிய 3.00-10 என்னும் ஒடுங்கிய ரயர்களும் விற்பனைக்கு உண்டு. அவற்றுள் 42 என்று குறிக்கப்பட்டது தாங்குவது 150 கிலோ மட்டுமே. விலை குறைவென்று அதனைப் பூட்டினால், வெளித்தோற்றத்தில் வண்டி பழையபடியே நிற்கும். சுமை ஏறிய வேளையில் ரயர் தன் எல்லையைக் கடந்துவிடும்.

குறை சுமையோடு முடிவதில்லை. அந்த ஒடுங்கிய ரயரின் விட்டம் சிறிது. ஒரு சுற்றில் அது கடக்கும் தூரம் நூற்றுக்கு ஆறு பங்கிற்கு மேற் குறையும். வேகமானி முன்சில்லினால் இயங்கும் வண்டியில் அதனை முன்னே பூட்டினால், காட்டும் வேகமும் உண்மை வேகமும் பொருந்தா. இதற்கு மாறாக, அழகுக்கென்று மிக அகன்ற ரயரைப் பூட்டுவோரும் உளர். அது மட்காட்டிலோ இயந்திரப் பகுதியிலோ உராய்தல் கூடும். வளையத்தின் அகலத்துக்கு ஒவ்வாது அதன் வடிவமும் மாறுபடும். ஆதலின் வண்டியின் கைந்நூலிலும் அதன்மேல் ஒட்டிய தாளிலும் குறித்த அளவையே கொள்ளுதல் நன்று. எடைக் குறியெண்ணும் வேகக் குறியும் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், ஒருபோதும் குறைதலாகாது.

இறப்பரின் வயது

ரயரின் ஆதாரப் பொருள் நமக்கு அந்நியமானதன்று. 1876 ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற வித்துக்கள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைக்கப்பட்டன. அந்நாற்றுக்கள் அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடப் பூங்காவில் நடப்பட்டன. அம்மரத்தின் பால் உறைந்தால் வெயிலில் ஒட்டும், குளிரில் இறுகும். 1839 இல் அமெரிக்கரான சாள்ஸ் குட்இயர் அதனைக் கந்தகத்தோடு சூடாக்கி, இரு நிலையிலும் நெகிழ்வு மாறாதிருக்கச் செய்யும் வழியைக் கண்டார். எனினும் அந்நெகிழ்வு என்றும் நிலைப்பதன்று. வெயிலும், வெப்பமும், காற்றிலுள்ள ஓசோனும் இறப்பரை மெல்ல மெல்ல வன்மையாக்கி வெடிக்கச் செய்கின்றன. வண்டி ஓடாது திண்ணையோரம் நின்றாலும் ரயருக்கு வயது ஏறிக்கொண்டே போகும்.

அவ்வயதை அறிவதற்கும் சுவரிலே வழி உண்டு. நான்கு இலக்கங்கள் மட்டும் தனியே பொறிக்கப்பட்டிருக்கும். 2324 என்றிருந்தால், அது 2024 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் ஆக்கப்பட்டது. கடையில் தட்டின் மேல் பளபளப்பாக இருப்பதனால் மட்டும் ஒரு ரயர் புதிதாகிவிடாது. வாங்குமுன் அவ்விலக்கத்தைப் பார்த்தல் வேண்டும். பூட்டி ஐந்து ஆண்டு கடந்த ரயரை ஆண்டுதோறும் அறிந்தவரிடம் காட்டுதல் வேண்டும். ஆக்கிப் பத்து ஆண்டான ரயர், பள்ளங்கள் ஆழமாக இருப்பினும், விலக்கத்தக்கது. பிறர் பயன்படுத்திக் கழித்த ரயரை மலிவென்று வாங்குவோர், அதன் வயதையும் அது பட்ட அடியையும் சேர்த்தே வாங்குகின்றனர்.

கடையிலே கவனிக்க வேண்டியவை

எப்போது மாற்றுவது? மேற்பரப்பின் பள்ளங்களுக்குள்ளே குறுக்காகச் சிறு மேடுகள் அமைந்திருக்கும். அவை இருக்குமிடத்தைச் சுவரில் ஒரு சிறு முக்கோணமோ, ரி.டபிள்யூ.ஐ. என்னும் மூன்றெழுத்தோ காட்டும். தேய்ந்த பரப்பு அம்மேட்டோடு சமமாகிவிட்டால் ரயரின் காலம் முடிந்தது. சுவரில் வெடிப்போ வீக்கமோ தோன்றினால், தேயாதிருப்பினும் மாற்றவே வேண்டும். பள்ளங்களின் தொழில் அழகு செய்வதன்று. மழைநீரை விலக்கி இறப்பரைத் தெருவோடு சேர்ப்பதே. ஐப்பசி, கார்த்திகை மாரியில் மொட்டை ரயரோடு செல்பவர் நீரின் மேலேயே செல்கின்றார். எனவே மாற்றவேண்டிய ரயரை மாரிக்கு முன்னரே மாற்றிவிடுதல் விவேகம். கட்டை கட்டையாகப் புடைத்த ரயர் கிரவல் தெருவுக்கு உதவும். நனைந்த தார்த் தெருவிலோ தொடும் பரப்புக் குறைந்து பிடிப்பும் குறையும். நாம் செல்லும் தெரு எதுவோ அதற்கேற்பத் தெரிக.

பெரும்பாலும் பின் ரயரே முதலில் தேயும். அப்போது பின்னே புதியதைப் பூட்டி, தேய்ந்ததை முன்னே கொண்டுசெல்வது சிலரின் வழக்கம். இது தவறு. பிரேக் பிடிக்கும்போது சுமை முன்னோக்கிச் சாய்வதால் முன்சில்லின் பிடிப்பே வண்டியை நிறுத்துகின்றது, திருப்புவதும் அதுவே.

ரியூப் உள்ள ரயரிலே ஆணி ஏறினால் காற்றுச் சடுதியாக இறங்கிவிடக்கூடும். ரியூப்லெஸ் ரயரில் ஆணி தைத்தபடியே நிற்க, காற்று மெல்லக் கசிவதால் நிறுத்துவதற்கு அவகாசம் கிடைக்கும். ஆயினும் அதற்கென அமைந்த வளையத்திலேயே அதனைப் பூட்டலாம். பழைய வெஸ்பாவில் உள்ளதுபோல இரு பாதியாகப் பிரியும் வளையத்துக்கு ரியூப் இன்றியமையாதது. புது ரயருக்குப் பழைய ரியூப் வேண்டாம். அது நீண்டு மடிப்பு விழுந்து கிழியும். ரியூப்லெஸ் ஆயின் வால்வையும் புதிதாக்குக. சுவரிலுள்ள அம்புக்குறி சில்லு சுழலும் திசையை நோக்க வேண்டும். நிறப் புள்ளி இருந்தால் அது ரயரின் எடை குறைந்த இடம். அதனை வால்வுக்கு நேரே வைத்துப் பூட்டுவர்.

புது ரயரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். முதல் நூறு கிலோமீற்றர் வரை கடும் பிரேக்கும் கூரிய திருப்பமும் தவிர்த்தல் வேண்டும். அதன்பின் எஞ்சுவது ஒரே கடமை: வண்டி ஓடிச் சூடேறுமுன் காலையிலே காற்றின் அமுக்கத்தை அளத்தல். காற்றுக் குறைந்த ரயர் சுவர் நெளிந்து சூடாகும். 206 கிலோ தாங்குமென்ற உறுதிமொழியும் அங்கே செல்லாது.

இவை யாவற்றையும் மனத்தில் வைத்திருக்க வேண்டியதில்லை. வண்டியை ஓட்டுபவர், அவர் மாணவராயினும் இல்லத்தரசியாராயினும், சிறு கொப்பி ஒன்றிலே ரயரின் அளவு, எடைக் குறியெண், வேகக் குறி, முன்பின் காற்றமுக்கம் என்னும் நான்கையும் குறித்து ஆசனத்தின் கீழ் வைத்துக்கொள்ளட்டும். அடுத்த முறை கராஜுக்குச் சென்றால், “நல்லதாக ஒன்று” என்று கேளாமல், கொப்பியை விரித்து, வேண்டியதை எண் சொல்லிக் கேட்கட்டும். கராஜ்காரர் ரயரை எடுத்து வந்ததும், வாங்கில் அமருமுன் அதன் சுவரை ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும்.