குறட்டை நின்றால் மூச்சுத்தடையும் நின்றுவிடுமா?

உறக்கத்தில் மூச்சுத்தடை உள்ள எல்லோருக்கும் ஓர் ஆசை உண்டு. முகமூடி, குழாய், இயந்திரம் எதுவும் இல்லாமல், மூக்கில் சிறிதாக எதையாவது பொருத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்க முடியாதா என்பதே அது. எனக்கும் அந்த ஆசை உண்டு. உறக்க ஆய்வில் எனக்கு மணிக்கு 31 முறை மூச்சு தடைப்படுவது தெரியவந்தது. மூன்று ஆண்டுகளாகச் சிபேப் கருவியுடன்தான் உறங்குகிறேன். ஆகவே மாற்றுக் கருவி பற்றி எந்த விளம்பரம் வந்தாலும் ஆவலோடு பார்ப்பேன். அறிவியல் ஆசிரியர் என்பதால் பார்த்ததை அப்படியே நம்பவும் முடிவதில்லை.

சக ஆசிரியர்கள் பலரும் இக்கருவிகளைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். நம்மில் பலர் தினமும் வெகுதூரம் இருசக்கர வாகனத்தில் பள்ளிக்குச் செல்கிறோம். மூச்சுத்தடை உள்ளவருக்கு இரவு எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் பகலில் கண் சொக்கும். சிகிச்சை பெறாவிட்டால் இரத்த அழுத்தமும் இதய நோய்க்கான வாய்ப்பும் கூடும். பலன் தராத கருவியை நம்பினால் பணம் மட்டும் வீணாவதில்லை. நோய் சரியாகிவிட்டது என்ற எண்ணத்தோடு வண்டி ஓட்டுவோம். அதுதான் பெரிய ஆபத்து.

தடை எங்கே இருக்கிறது?

மூச்சுக்குழல் சுருங்காமலிருக்கக் குருத்தெலும்பு வளையங்கள் உதவுகின்றன என்று நாம் பாடம் நடத்துகிறோம். அதற்கு மேலே, நாக்கின் அடிப்பகுதிக்கும் மென் அண்ணத்துக்கும் பின்னால் உள்ள தொண்டைப் பகுதியில் அத்தகைய வளையங்கள் இல்லை. தசைகளே அதைத் திறந்து வைத்திருக்கின்றன. உறக்கத்தில் தசைகள் தளர்கின்றன. மூச்சை உள்ளே இழுக்கும்போது அங்கே அழுத்தம் குறைந்து, சுவர்கள் ஒட்டிக்கொள்கின்றன. நனைந்து நைந்துபோன காகித உறிஞ்சுகுழலால் இளநீரை வேகமாக உறிஞ்சினால் குழல் ஒட்டிக்கொள்ளும் அல்லவா, அதே போலத்தான்.

காற்றோட்டம் 10 விநாடிகளாவது நின்றால் அது ஒரு மூச்சுத்தடை. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைய, மூளை விழித்துத் தசைகளை இறுக்குகிறது; மூச்சு திரும்புகிறது. உறங்குபவருக்கு இது பெரும்பாலும் தெரிவதே இல்லை. மூச்சு நிற்பதும் வெகுவாகக் குறைவதும் சேர்த்து மணிக்கு எத்தனை முறை நிகழ்கின்றன என்று உறக்க ஆய்வில் கணக்கிடுவார்கள். பெரியவர்களுக்கு 5க்குக் கீழே இயல்பு. 5 முதல் 15 வரை லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30க்கு மேல் தீவிரம்.

மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் இதற்கு வழி கண்டார். தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைக் கொண்டு மூக்கின் வழியே காற்றைத் தொடர்ந்து செலுத்தினார். அந்த அழுத்தம் தொண்டைச் சுவர்களுக்கு உள்ளிருந்து முட்டுக்கொடுத்தது. ஐந்து நோயாளிகளிடம் கிடைத்த முடிவுகள் லான்செட் இதழில் வெளியாயின. அதுவே இன்றைய சிபேப். அது தரும் அழுத்தம் 4 முதல் 20 செ.மீ. நீர்மட்ட உயரத்துக்குச் சமம். 10 செ.மீ. என்பது ஏறத்தாழ 1000 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் நூறில் ஒரு பங்கு மட்டுமே. ஆனால் அந்த ஒரு பங்கு இரவு முழுதும் இருக்க வேண்டும்.

மூன்று வகைக் கருவிகள்

முதல் வகை, மூக்கை விரிப்பவை. மூக்கின் மேல் ஒட்டும் பட்டைகளும், மூக்குத் துளைக்குள் செருகும் சிலிக்கான் வளையங்களும் இதில் அடங்கும். மூக்கடைப்பு உள்ளவர்களுக்கு இவை மூச்சை எளிதாக்குகின்றன. சிலருக்குக் குறட்டையும் குறைகிறது. ஆனால் மூச்சுத்தடை நிகழும் இடம் தொண்டை. வாசல் கதவை அகலத் திறந்தாலும், உள்ளே நடைபாதை அடைபட்டிருந்தால் போக முடியாது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2016இல் வெளியான கட்டுரையும் இவை மூச்சுத்தடைக்கான சிகிச்சை ஆகா என்றே கூறியது.

இரண்டாம் வகை, ஒருவழி வால்வுகள். இதைத்தான் நான் முதலில் நம்பவில்லை. நம்பக் காரணமும் தெரியவில்லை. ஒவ்வொரு மூக்குத் துளையின் மேலும் ஒட்டும் ஒரு சிறிய வட்டம்; மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை. மூச்சை இழுக்கும்போது வால்வு திறக்கிறது. விடும்போது மூடிக்கொண்டு, நுண்துளைகள் வழியே மட்டும் காற்றை வெளியேற விடுகிறது. நம் மூச்சே தொண்டையில் அழுத்தத்தை உண்டாக்குகிறது. நுரையீரலிலும் கூடுதல் காற்று தங்கி, தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உதவுகிறது. புரோவென்ட் என்ற இத்தகைய கருவி 2008இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இதைச் சோதித்த விதம் நாம் மாணவர்களுக்குச் சொல்லத் தக்கது. 250 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உண்மையான வால்வு. மற்றதற்கு அதே தோற்றமுள்ள, தடை ஏதும் தராத போலி. முதல் வாரத்தில் உண்மையான வால்வு அணியாத இரவில் மணிக்கு 13.8ஆக இருந்த மூச்சுத்தடை, அணிந்த இரவில் 5.0ஆகக் குறைந்தது. போலி அணிந்தவர்களுக்கு 11.1 என்பது 11.6 ஆனது. இவை இடைநிலை அளவுகள். மூன்று மாதம் கழித்தும் உண்மையான வால்வு 14.4ஐ 5.6ஆகக் குறைத்தது. 2011இல் ஸ்லீப் என்ற ஆய்விதழில் இது வெளியானது.

இத்துடன் நின்றிருந்தால் நானும் ஒன்றை வாங்கியிருப்பேன். 2013இல் தோராக்ஸ் இதழில் இன்னொரு சோதனை வந்தது. ஏற்கெனவே சிபேப் பயன்படுத்திவந்த 67 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு சிபேப்பைத் தொடர்ந்தது. ஒரு பிரிவுக்கு வால்வு. ஒரு பிரிவுக்குப் போலி. இரண்டே வாரத்தில், வால்வு அணிந்தோருக்கும் போலி அணிந்தோருக்கும் ஒன்றுபோலவே மூச்சுத்தடை திரும்பிவிட்டது.

இரண்டில் எது உண்மை? இரண்டும் உண்மையாக இருக்கலாம். முதல் சோதனையில் பாதிப் பேருக்காவது மூச்சுத்தடை லேசானது. இரண்டாவது சோதனை, சிபேப்புக்குப் பழகியவர் அதை விட்டுவிடலாமா என்று கேட்டது. 31 என்ற அளவுள்ள எனக்கான விடை இரண்டாவதில்தான் இருக்கிறது. வாய்வழியே மூச்சு விடுபவருக்கு வால்வு பயன்படாது என்பதும் அதன் அமைப்பைப் பார்த்தாலே விளங்கும்.

மூன்றாம் வகை, மூக்குக்குள் அடங்கும் மின்கலச் சிபேப். குழாயும் முகமூடியும் இல்லாத அத்தகைய கருவியைச் செய்யப்போவதாக அமெரிக்காவின் ஏரிங் நிறுவனம் 2015இல் பொதுமக்களிடம் இணையவழி நிதி திரட்டியது. 10 லட்சம் டாலருக்கும் அதிகமாகச் சேர்ந்தது. பல ஆண்டுகள் கடந்தும் கருவி நோயாளிகளின் கைக்கு வந்துசேரவில்லை. இதற்கிடையே, குட்டி விசிறி பொருத்திய சிலிக்கான் செருகிகள் ‘மைக்ரோ சிபேப்’ என்ற பெயரில் சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் விற்கப்படுகின்றன.

ஒரு கணக்கும் ஒரு டம்ளரும்

அழுத்தத்தைக் காற்றோட்டத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும். ஓய்வில் நாம் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறோம். கார்பன் டைஆக்சைடு வெளியேறுவதற்காகச் சிபேப் முகமூடியில் உள்ள துளை வழியேயும் காற்று ஓயாமல் கசிகிறது. இரண்டும் சேர்த்து நிமிடத்துக்கு 30 லிட்டர் என்று கொள்வோம். அது விநாடிக்கு 0.0005 கன மீட்டர். 1000 பாஸ்கலால் பெருக்கினால் 0.5 வாட். எட்டு மணி நேரத்துக்கு 4 வாட்-மணி. காதுகேள் கருவியில் போடும் பெரிய பொத்தான் மின்கலத்தில் இருப்பதோ 1 வாட்-மணிக்கும் குறைவு. கசிவே இல்லை, மோட்டாரில் இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் சுமார் 1 வாட்-மணி தேவை. செய்யவே முடியாது என்று இந்தக் கணக்கு சொல்லவில்லை. எவ்வளவு கடினம் என்று சொல்கிறது. இதற்கு உங்கள் விடை என்ன என்று தயாரிப்பாளரைக் கேட்க வைக்கிறது.

அடுத்தது டம்ளர். உயரமான கண்ணாடி டம்ளரில் நீர் நிரப்பி, உறிஞ்சுகுழலின் முனை நீர்மட்டத்துக்குக் கீழே 10 செ.மீ. இருக்குமாறு பிடித்து ஊதச் சொல்லுங்கள். குமிழி வந்தால், ஊதுபவர் 10 செ.மீ. நீர்மட்ட அழுத்தத்தைத் தாண்டிவிட்டார் என்று பொருள். மருத்துவமனைகளில் பச்சிளம் குழந்தைகளுக்குத் தரும் ‘பபுள் சிபேப்’ இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. நண்பர் ஒருவர் வாங்கிய விசிறிச் செருகியைக் காற்றுக் கசியாமல் குழாயோடு பொருத்தி நான் சோதித்தேன். ஒரு செ.மீ. ஆழத்தில்கூடக் குமிழி வரவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பாய்மங்கள் பாடத்தில் இதைச் செய்துகாட்டியபோது, “அப்போ இது வெறும் காத்தாடிதானா சார்?” என்று கேட்டாள் ஒரு மாணவி.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

1. என் தடை மூக்கிலா, தொண்டையிலா? இக்கருவி எந்த இடத்தில் வேலை செய்கிறது?

2. போலிக் கருவியோடு ஒப்பிட்டுச் சோதித்தார்களா? ‘எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது’ என்ற கருத்துகள் இதற்கு ஈடாகா.

3. சோதிக்கப்பட்டவர்களின் மூச்சுத்தடை அளவு என் அளவை ஒத்ததா?

4. குறட்டையை அளந்தார்களா, மூச்சுத்தடையை அளந்தார்களா? ஓசை குறைந்தாலும் மூச்சு நிற்பது தொடரலாம். கருவியை அணிந்தபடி மீண்டும் உறக்க ஆய்வு செய்தால்தான் தெரியும்.

மாற்று வழிகளே இல்லை என்பதல்ல. கீழ்த்தாடையை முன்னகர்த்தும் வாய்க்கருவி, எடைக் குறைப்பு, ஒருக்களித்துப் படுத்தல் ஆகியவை தகுந்தவர்களுக்குப் பலன் தருகின்றன. சிபேப் ஒத்துவரவில்லை என்றால் அதைப் பரணில் ஏற்றிவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். முகமூடியையோ அழுத்தத்தையோ மாற்றினாலே பலருக்குச் சரியாகிவிடும்.

மாணவர்களைப் பற்றியும் ஒரு சொல். குழந்தைகளுக்கு உறக்க மூச்சுத்தடை வர முக்கியக் காரணம் தொண்டைச் சதையும் மூக்கின் பின்னுள்ள அடினாய்டு சதையும் வீங்கியிருப்பது. வாயைத் திறந்தே மூச்சு விடும், வகுப்பில் தூங்கிவழியும் அல்லது ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் இருக்கும் குழந்தையைக் கண்டால், இரவில் குறட்டை விடுகிறதா என்று பெற்றோரிடம் கேளுங்கள். ஆம் என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள். அக்குழந்தைக்கு இணையத்தில் வாங்கிய செருகி எதுவும் வேண்டாம்.