சுண்ணாம்புக் கரண்டகமும் சொல்லின் பதமும்

கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறும் வீதியில், கடுகண்ணாவைக் கணவாய் நெருங்கும்போது பேருந்துகள் மூச்சிரைக்கத் தொடங்கும். அந்த ஏற்றத்தின் ஓரத்தில், பஹல கடுகண்ணாவையில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த ஒரு வழிப்போக்கர் தங்கல் இன்றும் நிற்கிறது. ஓட்டுக் கூரை, அதைத் தாங்கும் தூண்கள், நடுவில் நிழல். சிங்களத்தில் அதற்கு ‘அம்பலம’ என்று பெயர். ஊர் கூடும் வெளியை அம்பலம் என்று அழைத்த தமிழருக்கு இந்தச் சொல் அந்நியமானதல்ல. யாழ்ப்பாணத்துக்கு மடமும் சுமைதாங்கியும் எப்படியோ, மலைநாட்டுக்கு அம்பலம அப்படி.

1867இல் புகையிரதம் கண்டியை எட்டும் வரை, பெரும்பாலானோர் இந்த மலையைக் கடந்தது மாட்டு வண்டியிலோ கால்நடையாகவோதான். ஏறி வந்தவரும் இறங்கப் போகிறவரும் அம்பலத்தில் சந்திப்பார்கள். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். சுமையை இறக்கி வைத்ததும் இடுப்பு மடிப்பிலிருந்து வெற்றிலைப் பை வெளியே வரும். அதற்குள் வெற்றிலை, பாக்கு, ஒரு பாக்குவெட்டி, சட்டைப்பைக் கடிகாரம் அளவில் வட்டமாக ஒரு சுண்ணாம்புக் கரண்டகம். பேச்சு அதற்குப் பிறகுதான்.

இந்தக் கரண்டகத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கண்டிப் பகுதியில் பித்தளை, செம்பு, வெள்ளி ஆகியவற்றில் இதைச் செய்தார்கள். இரண்டு குவிந்த மூடிகள், ஒரு கீல், சுண்ணாம்பு எடுக்க ஒரு சிறு கரண்டி, அதைக் கோக்க ஒரு சங்கிலி. மூடியின் மேல் தாமரை இதழ்களோ கொடியோ. அலங்காரப் பொருள் போலத் தோன்றும். ஆனால் உள்ளே இருக்கும் சுண்ணாம்பின் இயல்பை அறிந்தால், அதன் வடிவத்தில் ஒரு அங்குலம்கூட வீணாக இல்லை என்பது விளங்கும்.

சுண்ணாம்புக்கல்லையோ சிப்பியையோ சூளையில் இட்டு ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வரை சுட்டால், அதிலுள்ள காபனீரொட்சைட்டு வாயு பிரிந்து போய்விடும். எஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் நீர் தெளித்தால் சீறிக் கொதித்து, பொடிந்து, நீற்றுச் சுண்ணாம்பாக மாறும். வெற்றிலையில் தடவுவது அதைத்தான். ஆனால் இந்தச் சுண்ணாம்பு தான் இழந்ததை மறப்பதில்லை. காற்றுப் பட்டால் போதும், அதிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சி மெல்ல மெல்லப் பழையபடி கல்லாகத் தொடங்கும். சுவரில் பூசிய சுண்ணாம்புச் சாந்து நாளாக நாளாக இறுகுவதும் இதனால்தான். சுவருக்கு வரமாக இருக்கும் இந்தக் குணம் வெற்றிலைக்குக் கேடு. கல்லாகிப் போன சுண்ணாம்பில் காரம் இல்லை.

ஆகவே கரண்டகம் சிறியதாக இருக்க வேண்டும், உள்ளே காற்றுக்கு இடம் குறைவாக இருக்க வேண்டும், இரண்டு மூடிகளின் விளிம்பும் மயிரிழை இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். அலுமினியத்தில் இதைச் செய்ய முடியாது. சுண்ணாம்பின் காரம் அலுமினியத்தை அரித்து, ஐதரசன் வாயுவைக் கிளப்பிவிடும். பித்தளையும் வெள்ளியும் அந்தக் காரத்தோடு ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும். எந்த இரசாயன நூலையும் படிக்காத கைகள், பல தலைமுறைப் பழக்கத்தால் சரியான உலோகத்தையும் சரியான வடிவத்தையும் கண்டடைந்திருக்கின்றன.

அந்த விளிம்பைப் பொருத்துவதுதான் பித்தளை வேலை செய்யும் கன்னாரின் வித்தை. பித்தளை என்பது செம்பும் நாகமும் கலந்த உலோகம். அதன் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் குவிக்கும்போது, உள்ளே ஒழுங்காக அடுக்கியிருக்கும் அணு வரிசைகள் குலைந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். தகடு விறைத்துப் போகும். அதற்கு மேலும் அடித்தால் வெடிக்கும். அப்போது அதை நெருப்பில் மங்கிய சிவப்பு ஏறும் வரை காய்ச்ச வேண்டும். சூட்டில் அணுக்கள் புதிதாக அணிவகுத்துப் புதுப் படிகங்களாகும். உலோகம் மறுபடி இளகும். தட்டுவது, காய்ச்சுவது, மறுபடி தட்டுவது என்று ஒரு சிறு மூடிக்கே பல சுற்றுகள். எப்போது நிறுத்தி நெருப்புக்குக் கொண்டுபோவது என்பதைச் சுத்தியலின் ஓசை சொல்லும். பழகிய காதுக்கு விறைத்த தகட்டின் ஒலி வேறு, இளகிய தகட்டின் ஒலி வேறு. தமிழில் இந்த நிலைக்கு ஒரு சொல் இருக்கிறது: பதம். பாகுக்குப் பதம், மண்ணுக்குப் பதம், உலோகத்துக்கும் பதம்.

எச்சில் உமிழும் படிக்கம், விளக்கு போன்ற கனத்த பொருள்களை வார்த்தார்கள். வார்ப்பில் பழமையான முறை மெழுகு முறை. தேன்மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் நுண்ணிய களிமண் பூசி, வெளியே கரடான மண்ணால் கவசம் போடுவார்கள். நுண்மண் ஒவ்வொரு கோட்டையும் பதித்து வைத்துக்கொள்ளும். கரடுமண்ணின் துளைகள் வாயு வெளியேற வழிவிடும். சூட்டில் மெழுகு உருகி வழிந்தோட, அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் பித்தளை புகும். கடுகண்ணாவையிலிருந்து கண்டிப் பக்கம் சற்றுப் போனால் பிலிமத்தலாவை. அங்கே வீதியோரமெங்கும் பித்தளைக் கடைகள். உள்ளே கடலாதெனியவுக்கு அருகில் கிரிவவுல என்ற ஊர் பித்தளை வேலைக்கே பேர்போனது. ‘படிக்கம’ என்று அங்கே சிங்களத்தில் சொல்வதும் நம் ‘படிக்கம்’ என்பதும் ஒரே சொல்தான்.

பாக்குவெட்டியும் ஒரு பாடம். சாதாரணக் கத்தரிக்கோலில் திருகாணி நடுவில் இருக்கும். பாக்குவெட்டியில் அது ஒரு முனையில் இருக்கும். பாக்கை அந்த முனைக்கு அருகே வைத்து, மறுமுனையைக் கை அழுத்தும். பாக்கு திருகாணியிலிருந்து 2 சென்றிமீற்றர் தூரத்திலும் கை 12 சென்றிமீற்றர் தூரத்திலும் இருந்தால், கையின் விசை ஆறு மடங்காகப் பாக்கின்மேல் இறங்கும். கல் போன்ற கொட்டைப்பாக்கை ஒரு முதிய கை மெல்லிய சீவலாக்கிவிடுவதன் இரகசியம் இந்த நெம்புகோல்தான். பல்லில்லாதவருக்கு அதுவும் கடினம் என்பதால் சிறு பாக்குரலும் உண்டு.

இனி அந்தச் சிவப்பு. வெற்றிலை பச்சை, சுண்ணாம்பு வெள்ளை, பாக்கு பழுப்பு. மூன்றும் சேர்ந்தால் வாய் ஏன் சிவக்கிறது? பாக்கில் துவர்ப்பைத் தரும் தனின் வகைப் பொருள்கள் நிறைய உண்டு. சுண்ணாம்பின் காரத்தில் அவை காற்றிலுள்ள ஒட்சிசனோடு வேகமாகச் சேர்ந்து செந்நிறமாகின்றன. நம் வீடுகளில் ஆலாத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு கலந்தால் சிவப்பதும் காரத்தின் வேலைதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஆலாத்தி நீரில் தேசிக்காய்ப் புளி பிழிந்து பாருங்கள், மஞ்சள் திரும்பி வரும். மஞ்சளின் நிறப்பொருள் காரத்துக்கு ஒரு நிறமும் புளிக்கு ஒரு நிறமும் காட்டும் குறிகாட்டி மட்டுமே. பாக்கின் சிவப்போ அப்படித் திரும்பி வராது. அது நிறம் மாறிய பொருளல்ல, பொருளே மாறியது.

சுண்ணாம்பு இன்னொரு வேலையும் செய்கிறது. பாக்கில் அரெக்கோலின் என்ற காரப்போலி இருக்கிறது. சுண்ணாம்பின் காரம் அதை விடுவித்து, வாயின் மென்தோல் வழியே விரைவாக உடலுக்குள் புக வைக்கிறது. உமிழ்நீர் பெருகும், உடல் கதகதப்பாகும், மனம் சற்று விழித்துக்கொள்ளும். மழையில் நனைந்து கணவாய் ஏறி வந்த வழிப்போக்கருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல.

இந்த ஆறுதலைக் கண்ணால் கண்டு எழுதி வைத்த ஒருவர் இருக்கிறார். ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர் 1660இல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரத்தில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகள் வெளியேற முடியாமல் வாழ்ந்தார். பருத்தி நூலில் தொப்பி பின்னி விற்றுப் பிழைத்தார். அவர் நிலம் வாங்கி வீடு கட்டியிருந்த எலதெத்த, கடுகண்ணாவைக்குத் தெற்கே, உடுநுவரப் பகுதியில் உள்ள ஊர். 1679இல் தப்பி மன்னார்க் கரையில் அரிப்புக் கோட்டையை அடைந்து, பின் 1681இல் இலண்டனில் தன் நூலை வெளியிட்டார்.

ஓய்வு வேளையில் ஆண்கள் அம்பலத்தில் கூடி, வெற்றிலை மென்றபடி, ஒருவரை ஒருவர் கம்பீரமாகப் பார்த்துக்கொண்டு அரசவைச் செய்திகளைப் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று அவர் எழுதுகிறார். அவரை இன்னும் வியக்க வைத்தது அந்தப் பேச்சின் மரியாதை. முன்னிலையில் இருப்பவரை அழைக்க மட்டும் ஏழெட்டுச் சொற்கள், பெண்களை அவரவர் நிலைக்கேற்ப விளிக்கப் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட சொற்கள். ஏர் பிடிக்கும் உழவருக்கும் அரசவையில் நிற்பவருக்கும் பேச்சு நயத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்பது அவர் கண்டது. நமக்கு இது புதிதல்ல. நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று படி வைத்துப் பேசுகிற மொழி நம்முடையது. யாழ்ப்பாணத்து வீடுகளில் ‘நீர்’ இன்றும் உயிரோடு இருக்கிறது. அந்தச் சொற்களில் சமூகத்தின் மேடுபள்ளங்களும் பதிந்திருக்கின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் எதிரே இருப்பவர் யார், அவரோடு நான் எப்படிப் பேச வேண்டும் என்று வாய் திறக்குமுன் ஒரு கணம் நினைக்க வைப்பது ஒரு நல்ல பயிற்சி.

அந்தக் கணத்தைத் தந்தது வெற்றிலைத் தட்டம் என்பதே என் எண்ணம். காம்பு கிள்ள வேண்டும், நரம்பு உரிக்க வேண்டும், பாக்குச் சீவ வேண்டும், கரண்டகம் திறந்து சுண்ணாம்பு தொட வேண்டும், மடிக்க வேண்டும். இத்தனையும் முடியும் வரை கைகளுக்கு வேலை இருக்கிறது, மௌனம் உறுத்துவதில்லை. மடித்ததை மற்றவருக்கு முதலில் நீட்ட வேண்டும். வாய் நிறைந்திருக்கும்போது படபடவென்று பேச முடியாது, குறுக்கிட முடியாது, கேட்கத்தான் முடியும். கன்னாரின் சுத்தியலுக்கு நடுநடுவே நெருப்பு எப்படியோ, பேச்சுக்கு இந்த இடைவெளிகள் அப்படி. விறைப்பு இறங்கிப் பதம் வர அவை தேவை.

இந்தக் கைவினைகளின் மதிப்பை நவீன உலகுக்கு எடுத்துச் சொன்னவர் ஒரு தமிழரின் மகன், அதுவும் ஒரு விஞ்ஞானி. 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, சேர் முத்துக் குமாரசுவாமியின் மகன். இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுத் திணைக்களத்துக்குத் தலைமை தாங்கிக் கற்களைத் தேடி மலைநாட்டு ஊர்களில் நடந்தவர். தோரியனைட்டு என்ற கனிமத்தை முதன்முதலில் விவரித்தவர். கற்களைத் தேடிய கண் கைகளையும் கண்டது. கொல்லர், கன்னார், தச்சர், பாய் நெய்வோர் என்று அவர்களின் கருவிகளையும் முறைகளையும் துல்லியமாகப் பதிந்து, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தன் பெருநூலை 1908இல் வெளியிட்டார். பாக்குவெட்டிக்கும் கரண்டகத்துக்கும்கூட அதில் இடம் உண்டு.

கைவினைக்கு மொழி எல்லை இல்லை என்பதற்குக் கடுகண்ணாவையைச் சுற்றியுள்ள குன்றுகளே சாட்சி. 1344இல் எழுந்த கடலாதெனிய விகாரையைக் கட்டியவர் கணேசுவராசாரி என்ற தென்னிந்தியச் சிற்பி. அதே காலத்து லங்காதிலக விகாரையின் பாறையில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது. இன்றும் சித்திரைப் புத்தாண்டில் தமிழ் வீடுகளில் கைவிசேஷம் வெற்றிலையில் வைத்துத்தான் தரப்படுகிறது. சிங்கள வீடுகளில் பிள்ளைகள் பெரியோரை வெற்றிலை கொடுத்துத்தான் வணங்குகிறார்கள்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். புகையிலை சேராத வெற்றிலைச் சுருளும், தனிப் பாக்கும்கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுதி உறுதிப்படுத்தியது. பாக்கு வாயின் உட்புறத் திசுவை நாராக இறுக்கி, வாயைத் திறக்கவே முடியாமல் செய்யும் நோயையும் தரும். இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். தோட்டத்து லயங்களிலும் வயல்வெளிகளிலும் உழைக்கும் ஏழைகளே இதற்கு அதிகம் பலியாகிறார்கள். பேச்சைப் பதப்படுத்திய பொருளே பேசும் வாயைப் பறிக்கிறது. இதைத் தெரிந்த பிறகும் மெல்லச் சொல்வது அன்பாகாது.

விட வேண்டியது மெல்லுவதைத்தான். வரவேற்கும் வெற்றிலைத் தட்டத்தை விட வேண்டாம். அதில் கையால் தொட்டு வணங்கப் பச்சை வெற்றிலை இருக்கட்டும். கரண்டகத்தை அலமாரியில் பூட்ட வேண்டாம்; பிள்ளைகள் கையில் கொடுத்து, அதன் விளிம்பு ஏன் அப்படிப் பொருந்துகிறது என்று கேளுங்கள். கண்டி போகும் வழியில் பிலிமத்தலாவையில் இறங்கி, பித்தளை வேலை செய்பவரிடம் அவர் கேட்கும் விலைக்கு ஒரு சிறு பொருள் வாங்குங்கள். அந்தச் சுத்தியலின் ஓசை ஓயாமல் இருக்க அதுதான் வழி. வீட்டுக்கு ஒருவர் வந்தால் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தேநீரையோ இளநீரையோ உங்கள் கையால் எடுத்து வந்து, அவர் பேசி முடிக்கும் வரை காத்திருங்கள். தமிழில் பதம் என்றால் பக்குவம். பதம் என்றால் சொல்லும்தான். இரண்டையும் ஒரே சொல்லில் வைத்த மொழியைப் பேசுகிறவர்கள் நாம். அந்தப் பெயருக்கு ஏற்றபடி பேசுவோம்.