மெஷின் பெயரைச் சொன்னால் கிடைக்காது

ஐப்பசி மழை நாலு நாள் அடித்தால் போதும், நெய்வேலி நகரியத்துக் குவார்ட்டர்ஸ் தோட்டங்களில் புல் மளமளவென்று ஏறிவிடும். கோடை முழுக்க ஷெட்டில் கிடந்த புல்வெட்டும் மெஷினை அப்போதுதான் வெளியே இழுப்பார்கள். கயிற்றை இழுத்தால் ஒரு இருமல், அவ்வளவுதான். சோக் போட்டால் ஓடும், சோக்கை எடுத்தால் நின்றுவிடும். பிளக்கை மாற்றியும் பலன் இராது. கார்புரேட்டரைக் கழற்றிப் பார்க்கும் மெக்கானிக் வழக்கமாகச் சொல்வது ஒன்றுதான்: "இந்த மெஷினுக்கு இப்ப சாமான் வராது சார்."

இதைக் கேட்பது நெய்வேலியில் என்பதுதான் வேடிக்கை. 1957இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்த ஊர் இது. 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. மேல்மண்ணை வெட்டியெடுக்க ஜெர்மனியிலிருந்து வந்த பக்கெட் வீல் இயந்திரங்களில் ஒரு வாளியின் கொள்ளளவே 350, 700, 1400 லிட்டர் என்று போகும். அந்த ராட்சதங்களுக்குப் பல் தேய்ந்தாலும் பேரிங் போனாலும் வழி கண்டுபிடிக்கும் ஊரில், ஒரு தபால்தலை அளவு ரப்பர் சவ்வுக்காக மெஷின் முடங்கிக் கிடக்கிறது. மெக்கானிக் சொன்னதில் பாதி உண்மை. மெஷினின் பெயரைச் சொல்லிக் கேட்டால் சாமான் கிடைக்காதுதான். கார்புரேட்டரின் எண்ணைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

முதலில் கார்புரேட்டர் வேலை செய்யும் விதம். குறுகலான குழாயில் ஓடும் திரவத்துக்கு வேகம் கூடும், அழுத்தம் குறையும். இத்தாலியரான வெஞ்சுரி 1797இல் எழுதிவைத்தது இது. கார்புரேட்டரின் நடுவே உள்ள இடுங்கிய தொண்டையில் காற்றுக்கும் இதே கதிதான். அங்கே அழுத்தம் குறைய, பித்தளை ஜெட்டின் ஓட்டை வழியாகப் பெட்ரோல் மேலேறித் துளித்துளியாகச் சிதறுகிறது. 1893இல் ஜெர்மனியின் மேபாக் வடிவமைத்த தெளிப்புக் கார்புரேட்டரிலிருந்து இன்றைய புல்வெட்டி வரை அடிப்படை மாறவில்லை. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். இந்தக் கணக்கைக் காப்பாற்றுவது அந்த ஓட்டையின் அளவுதான்.

அது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அடைப்பெடுக்க ஊசியையோ இரும்புக் கம்பியையோ விட்டுக் குடைவது நம் பட்டறைகளில் சகஜம். பித்தளை மென்மையான உலோகம். 0.60 மி.மீ. ஓட்டை 0.65 ஆகிவிட்டால் பரப்பு 17 சதவீதம் கூடிவிடும். பிறகு கரும்புகை, கரிபிடித்த பிளக், பெட்ரோல் செலவு. வயருக்குள் இருக்கும் மெல்லிய செம்புக் கம்பி ஒன்றே போதும், அதுவும் கிளீனர் ஸ்ப்ரேயில் ஊறவைத்த பிறகு.

சில பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் இன்ஜின்களில் இன்னொரு வில்லங்கம் உண்டு. பெட்ரோல் கிண்ணத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் போல்ட்டே மெயின் ஜெட். அதன் தண்டில் குறுக்கே மயிரிழை போன்ற துளை இருக்கும். அது தொலைந்துபோய், மரையும் நீளமும் பொருந்துகிற சாதா போல்ட்டைப் போட்டு முடுக்கினால் கிண்ணம் ஒழுகாமல் நிற்கும், இன்ஜின்தான் ஓடாது.

தோளில் மாட்டும் புல்வெட்டியிலும் மரம் அறுக்கும் மெஷினிலும் கிண்ணமே கிடையாது. சாய்த்தாலும் தலைகீழாகப் பிடித்தாலும் ஓட வேண்டுமே! இன்ஜினுக்குள் எழும் அழுத்தத் துடிப்பில் ஒரு சவ்வு பம்ப் போல அடித்துப் பெட்ரோலை இழுக்கிறது. இன்னொரு சவ்வு தேவைக்கேற்ப ஊசி வால்வைத் திறக்கிறது. இந்த இரண்டாவது சவ்வு விறைத்துப்போனால் வால்வு சரியாகத் திறக்காது. சோக் போட்டால் மட்டும் ஓடுகிற வியாதிக்கு இது ஒரு முக்கியக் காரணம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரி, பலா மரங்களைச் சாய்த்த பிறகு ஓயாமல் அறுத்தவை இந்த வகை மெஷின்கள்தான்.

சவ்வு ஏன் விறைக்கிறது? வயது ஒரு காரணம், பெட்ரோல் இன்னொன்று. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்து, இன்று எங்கும் பரவிவிட்டது. சிறு இன்ஜின்களுக்குப் பிரிக்ஸ் முதலிய நிறுவனங்கள் சொல்லும் வரம்போ 10 சதவீதம். எத்தனாலுக்கு 9 பங்கு காற்றே போதும் என்பதால் பழைய ஜெட்டில் கலவை மெலிந்து இன்ஜின் சூடேறும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும். ஆகவே வைட்டான் ரப்பரில் செய்த பாகம் கிடைத்தால் சற்று விலை கூடினாலும் அதை வாங்குவதே லாபம்.

இனி எண் வேட்டை. மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷால் கார்புரேட்டரின் பக்கவாட்டைத் தேய்த்தால் பொறித்த எழுத்துகள் தெரியும். வால்ப்ரோ கம்பெனியின் 'டபிள்யூடி' (WT) என்ற எழுத்தும் எண்ணும் இருந்தால், மெஷின் எந்தக் கம்பெனியுடையதானாலும் 'கே10-டபிள்யூஏடி' (K10-WAT) என்ற ரிப்பேர் கிட்டைக் கேட்டுப் பார்க்கலாம். ஊசி, லீவர், ஸ்பிரிங், சல்லடை, சவ்வு எல்லாம் அதில் அடக்கம். சவ்வும் கேஸ்கட்டும் மட்டும் போதுமென்றால் 'டி10-டபிள்யூஏடி' (D10-WAT). பிரிக்ஸ் இன்ஜினில் மாடல், டைப், கோட் என்று மூன்று எண்கள் இருக்கும். கோட் 880412 என்று தொடங்கினால் அது 1988 ஏப்ரல் 12இல் செய்த இன்ஜின்.

ஹோண்டா ஜிஎக்ஸ்160ஐ அப்படியே நகலெடுத்த சீன '168எஃப்' இன்ஜின்கள் விவசாயக் கருவிக் கடைகளில் சகஜம் (ஒரு சிலிண்டர், 68 மி.மீ. விட்டம் என்பதே அந்த எண்). அவற்றின் கார்புரேட்டர் முழுசாகவே மலிவாகக் கிடைக்கும். ஆனால் தள்ளிச்செல்லும் ஹோண்டா புல்வெட்டிகள் சிலவற்றில் இருப்பது தண்டு செங்குத்தாக நிற்கும் ஜிஎக்ஸ்வி160. ஒரு எழுத்துதான் வித்தியாசம், கார்புரேட்டர் வேறு. அவசரப்பட்டு வாங்கியவர் கடைக்கு இன்னொரு நடை நடக்க வேண்டும்.

எல்லாவற்றையும் வாங்க வேண்டியதும் இல்லை. பெட்ரோல் டியூப், ஃபில்டர், ஓ-ரிங் மூன்றும் உள்விட்டத்தை அளந்து சொன்னால் பக்கத்திலுள்ள மந்தாரக்குப்பத்து பைக் சாமான் கடையிலேயே தேறலாம். கேஸ்கட்டையும் வெட்டிக்கொள்ளலாம். கேஸ்கட் ஷீட்டை இன்ஜின் முகத்தில் வைத்து உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பைத் தட்டி வெட்டும் பட்டறைப் பழக்கம் இரும்பு இன்ஜினுக்குச் சரி. கார்புரேட்டர் மென்மையான வார்ப்பு, முகம் நெளிந்துவிடும். முகத்தில் கிரீஸ் தடவி ஷீட்டில் ஒற்றி, அச்சின்படி கத்தரிக்கோலால் வெட்டுவது நல்லது. பழைய கேஸ்கட்டின் கனமே புதியதற்கும் இருக்க வேண்டும். சவ்வை மட்டும் சொந்தமாகச் செய்ய முடியாது. சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டால் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு புது பைக்குகள் அநேகமாக எல்லாமே ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. புல்வெட்டிகள் மாறவில்லை, இன்று வாங்கும் புது மெஷினிலும் இருப்பது பெரும்பாலும் கார்புரேட்டரே. அதன் எண்ணை வாங்கிய அன்றே குறித்து வைப்பதும், கோடையில் ஷெட்டுக்குள் தள்ளும் முன் டேங்க்கை வடித்து, மீதிப் பெட்ரோல் தீரும்வரை ஓடவிடுவதும் பத்து நிமிட வேலை.