கைபேசியில் இயங்கும் பம்புசெட்: பாதுகாப்பு முறைகள்

கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி வட்டாரங்களில் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பியே பெரும்பகுதி சாகுபடி நடைபெறுகிறது. வீராணம், கொள்ளிடம் பாசனமுள்ள சிதம்பரம் பகுதியிலும் பம்புசெட் துணை நிற்கிறது. இரவில் மோட்டார் கொட்டகைக்கு நடக்கும் அலைச்சலைக் கைபேசியில் இயங்கும் ஸ்டார்ட்டர் குறைத்துள்ளது. வேளாண்மைப் பொறியியல் துறையும் இதற்கு மானியம் வழங்கி வந்துள்ளது. இறால் பண்ணைகளுக்கென ஏரேட்டரைத் தொலைவிலிருந்து இயக்கும் கருவிகளும், கண்காணிப்புக் கேமராக்களும் விற்பனைக்கு வந்துள்ளன.

கருவி வாங்கும்போது விலையையும் உத்தரவாதத்தையும் விசாரிக்கும் விவசாயிகளில் பலர், அதன் கடவுச்சொல்லைப் பற்றிக் கேட்பதில்லை. பின்னால் வரும் தொல்லைக்கு இதுவே வழிவிடுகிறது.

கருவி இயங்கும் விதம்

ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு உள்ளது. பதிவு செய்த எண்ணிலிருந்து அழைப்போ, கடவுச்சொல்லுடன் குறுஞ்செய்தியோ வந்தால் மோட்டார் ஓடும். உரிமையாளர் யார் என்பதைக் கருவி அறியாது. எண்ணையும் கடவுச்சொல்லையும் மட்டுமே அறியும். அவை பிறர் கைக்குப் போனால் அவர் சொற்படியும் மோட்டார் ஓடும்.

நீர்மட்டம் இறங்கிய கிணற்றில் மோட்டார் ஓடினால் காயில் கருகிவிடும். இறால் குளத்தில் கரைந்துள்ள ஆக்சிஜன் விடியற்காலையில் மிகவும் குறைந்திருக்கும். அந்நேரத்தில் ஏரேட்டர் நின்றால் சில மணி நேரத்தில் குளத்து இறால் முழுவதும் மடியக்கூடும்.

2016-இல் ‘மிராய்’ என்னும் தீய மென்பொருள் உலகெங்கும் கேமராக்களிலும் ரௌட்டர்களிலும் புகுந்தது. தொழிற்சாலையில் இடப்படும் வழக்கமான கடவுச்சொற்களில் அறுபதுக்குச் சற்று மேற்பட்டவையே அதன் சாவிக்கொத்து. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அக்கருவிகளை ஏவி அமெரிக்க இணைய நிறுவனம் ஒன்றைத் தாக்கியதில் ட்விட்டர் உள்ளிட்ட பல தளங்கள் முடங்கின. நம் நாட்டில் தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் 2021-இல் வெளியிட்ட நெறிமுறையும், எல்லாக் கருவிகளுக்கும் ஒரே கடவுச்சொல் கூடாது என்பதை முதலாவதாக வலியுறுத்துகிறது.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. கருவி பொருத்திய அன்றே கடவுச்சொல்லை மாற்றிவிட வேண்டும். 1234, 0000, வண்டி எண் ஆகியவை கூடாது. புதிய சொல்லை வீட்டில் எழுதி வைக்கலாம். ஸ்டார்ட்டர் பெட்டியின் கதவில் எழுதக் கூடாது.

2. குடும்பத்தில் இரண்டு அல்லது மூன்று பேரின் எண்களை மட்டும் பதிவு செய்தால் போதும். கருவி பொருத்த வந்தவர், பழைய குத்தகைதாரர், வேலையை விட்டுச் சென்றவர் ஆகியோரின் எண்களை நீக்க வேண்டும். சம்பா தொடங்குமுன் ஆண்டுதோறும் பட்டியலைச் சரிபார்ப்பது நல்லது.

3. துண்டிக்கப்பட்ட கைபேசி எண் 90 நாட்களுக்குப் பின் வேறொருவருக்கு வழங்கப்படலாம். ஆகவே எண்ணை மாற்றினால் பழைய எண்ணை ஸ்டார்ட்டரிலிருந்து உடனே நீக்குக. பெட்டியிலுள்ள சிம், உரிமையாளர் பெயரிலேயே இருக்கட்டும். மோட்டார் ஓடாத மாதங்களிலும் அதற்கு ரீசார்ஜ் செய்து வரவேண்டும்.

4. வேறொருவர் எண்ணைப் போலியாகக் காட்டி அழைக்கவும் வழியுண்டு. எனவே அழைப்பு மட்டும் போதும் என்னும் கருவியைவிட, கடவுச்சொல்லும் கேட்கும் கருவியே மேலானது.

5. வைஃபை உள்ள பண்ணைகளில் ரௌட்டர், கேமரா இரண்டின் கடவுச்சொற்களையும் மாற்றுக. வங்கிப் பணிக்கான கைபேசி ஓர் இணைப்பிலும், கேமராவும் ஏரேட்டர் கருவியும் ரௌட்டரிலுள்ள ‘விருந்தினர்’ இணைப்பிலும் தனித்தனியே இருக்கட்டும். நிறுவனம் அனுப்பும் மென்பொருள் மேம்பாட்டை உடனுக்குடன் ஏற்றுக.

6. கையால் இயக்கும் சுவிட்சையும், தண்ணீரின்றி ஓடும் மோட்டாரைத் தானே நிறுத்தும் அமைப்பையும் தவிர்க்கக் கூடாது. 2011 டிசம்பர் 30-இல் கடலூரைத் தாக்கிய ‘தானே’ புயல் போன்ற நாட்களில் மின்சாரமும் கைபேசிக் கோபுரமும் ஒருங்கே செயலிழக்கலாம். இறால் பண்ணையில் ஜெனரேட்டரும் இரவுக் காவலும் அவசியம்.

ஐயம் எழுந்தால்

சொல்லாமலே மோட்டார் ஓடினாலோ நின்றாலோ, முதலில் மின்சாரத்தை நிறுத்திச் சிம்மை வெளியே எடுத்துவிட்டு, கைமுறைக்கு மாற்றிக்கொள்க. பின்னர் கருவியைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து, புதிய கடவுச்சொல் இட்டு, எண்களை மீண்டும் பதிவு செய்க. அதன் பிறகும் கோளாறு நீடித்தால் பழுது மின் இணைப்பிலா, ஸ்டார்ட்டரிலா என்று மெக்கானிக்கைக் கொண்டு பார்ப்பது நலம். கைபேசி வழியே பணமும் பறிபோயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவை செலவில்லாதவை. ஒரு மணி நேரம் ஒதுக்கி இம்முறைகளைக் கடைப்பிடித்தால், மோட்டார் காயில் கட்டும் செலவையும் பயிர் இழப்பையும் தவிர்த்து விவசாயப் பெருமக்கள் பயனடையலாம்.